கேப்டன் சாகவில்லை

காவிரியில் தண்ணீர் வரப்போகிறது என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் பயப்பட மாட்டார்கள். வராவிட்டால்தான் பயம். திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் பம்ப்செட் சாமான் விற்றுக்கொண்டிருந்த என் அத்தாகூட (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), ஆற்றில் தண்ணீர் வந்தால் மோட்டார் ஓட்டம் குறைந்து கடை காற்றாடும் என்று தெரிந்தும், மேட்டூர் நிலவரத்தைத் தினமும் பேப்பரில் தேடிப் படித்துச் சந்தோஷப்படுவார். அந்த வருஷம் தண்ணீர் வரவே கூடாது என்று துஆ செய்த ஒரே ஆள் ஊரில் நானாகத்தான் இருப்பேன். எனக்குப் பத்து வயது. தண்ணீரோடு சேர்ந்து சிங்கர்களும் வந்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன்.

சிங்கர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது பெரியம்மாவின் பெட்டிகளோடு. பெரியம்மா குடும்பம் ஷார்ஜாவில் இருந்தது. முந்தைய வருஷம் பெரியம்மாவும் அவர் மகளும் மட்டும் ஊருக்கு வந்து எங்கள் மாடி அறையில் தங்கினார்கள். அந்த மகளைத்தான் நான் ராத்தா என்று கூப்பிடுவேன். என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவள் அத்தா, எனக்குப் பெரியத்தா, வரவில்லை. அங்கே வேலையை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுப் பின்னால் வருவார் என்றார்கள். வந்த பெட்டிகளில் பால்பவுடர் டப்பாக்களுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. அதோடு ‘ஆஷ்டைட்’ என்ற விளையாட்டின் மூன்று டிஸ்க்குகளும், அதே பெயரில் மூன்று தடித்த இங்கிலீஷ் நாவல்களும் இருந்தன.

என் அண்ணன் டிஸ்க்குகளை எடுத்துக்கொண்டான். ராத்தா நாவல்களை எடுத்துக்கொண்டாள். சண்டை அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

கடல் ஏறி ஊர்களை எல்லாம் விழுங்கிவிட்ட ஒரு உலகம். மிஞ்சியவர்கள் கலங்கரை விளக்கங்களில் குடியிருக்கிறார்கள். ஒரு கேப்டன், விளக்கு கட்டிய படகில் போய் ஆட்களைக் காப்பாற்றிக் கொண்டுவருகிறார். மூழ்கினவர்கள் ஒழுங்காகச் சாவதில்லை. தண்ணீர் ஏறும்போதெல்லாம் வேண்டியவர்களின் முகத்தோடும் குரலோடும் எழுந்து வந்து, வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். போனால் போனதுதான். மூழ்குவதற்கு இங்கிலீஷில் சிங்க் என்பதால் அவர்களுக்கு சிங்கர் என்று பெயர். என் காதுக்கு அது பாடுகிறவர்கள் என்ற சிங்கராகத்தான் கேட்டது. யாரும் திருத்தவில்லை. ஆகவே அவர்கள் பாடிக்கொண்டே வருவார்கள் என்று நானே சேர்த்துக்கொண்டேன். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று ஒரு ஊளை இடுமே, அந்தச் சத்தம் கேட்டால் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுவேன். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறேன் என்று அம்மா திட்டுவாள்.

இரண்டாவது விளையாட்டின் முடிவில் கேப்டன் ஒரு ஊரையே காப்பாற்றிவிட்டு விளக்கோடு தண்ணீருக்குள் போய்விடுகிறார். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதில்தான் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மூன்றாவது விளையாட்டில் அவர் சிங்கராகத் திரும்பி வருகிறார், கடைசிக் கட்டத்தில் அவரைக் கொன்றால்தான் ஆட்டம் முடியும். நாவல்கள் அப்படிச் சொல்லவில்லை. வந்தது கேப்டன் இல்லை, அவர் குரலை எடுத்துக்கொண்ட வேறு ஏதோ ஒன்று. உண்மையான கேப்டன் கப்பல்கள் ஒதுங்கிப்போகும் ஒரு தீவில் உயிரோடு இருக்கிறார். சேதி அனுப்ப அவருக்கு வழியில்லை, அவ்வளவுதான்.

நாவல்கள் விற்றுத் தீர்ந்த பிறகு, விளையாட்டைச் செய்த கம்பெனி ஒரு நாள், அவை எல்லாம் கணக்கில் சேராது, விளையாட்டில் நடந்தது மட்டும்தான் நடந்தது என்று அறிவித்துவிட்டது. இணையத்தில் அதற்கென்றே ஒரு குழு இருந்தது. அங்கே எந்தெந்த நாட்டிலோ இருந்த ஆட்கள், பங்காளிச் சண்டையில்கூடக் கேட்க முடியாத வார்த்தைகளை இதற்காக எழுதிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் கீழ்த்தளம் விளையாட்டுக் கட்சி, மாடி நாவல் கட்சி. நான் படியில் உட்கார்ந்திருந்தேன்.

படியில் உட்கார்ந்திருந்தாலும் என் மனம் மாடியில்தான் இருந்தது. மத்தியானங்களில் கரண்டு போனதும் ராத்தா மொட்டைமாடிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நாவலைத் தமிழில் சொல்லுவாள். ஷார்ஜாவில் ஏழாவது வரைக்கும் படித்தவளுக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. தமிழ்தான் கொஞ்சம் தடுக்கும். தடுக்கும் இடங்களில் கையால் சொல்லுவாள். முதல் நாவலை அவளும் பெரியத்தாவும் ஆளுக்கொரு அத்தியாயமாக மாற்றி மாற்றிப் படித்தார்களாம். மூன்றாவது நாவலை அவர் விமான நிலையத்தில் வைத்து அவள் கையில் கொடுத்து, “கேப்டன் வருவாரு பாரு” என்றாராம். அதை அவள் பலமுறை சொல்லிவிட்டாள். சொல்லும்போதெல்லாம் அவர் சொன்ன மாதிரியே தலையைச் சாய்த்துச் சொல்லுவாள்.

அந்த இணையக் குழுவில் ராத்தா நீளநீளமாக எழுதுவாள். நாவலில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது, விளையாட்டில் எந்த இடம் பொருந்தவில்லை என்று அடுக்குவாள். அண்ணன் கீழே உட்கார்ந்துகொண்டு அதே குழுவில் அவளுக்கு எதிராக எழுதுவான். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரும் அமெரிக்கா வழியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மண்டையோட்டுப் படம் வைத்திருந்த ஒருவன் ராத்தாவுக்கு இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினான். அண்ணன் அதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினான். “கேப்டன் செத்தது போல நீயும் மூழ்குவாய். தண்ணீர் உன் வீட்டுக்கும் வரும்.”

ராத்தா சிரித்தாள். “எங்க வீட்டுக்கு முனிசிபாலிட்டி தண்ணியே வர மாட்டேங்குது” என்று பதில் போட்டாள். அண்ணனும் சிரித்தான். அன்று சாயங்காலம் டிவியில் மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். மதகுகளிலிருந்து தண்ணீர் வெள்ளையாகப் பாய்வதைக் காட்டினார்கள். அத்தா, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். நான் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே பயமாகத் தெரிந்தது. வீட்டில் பெரியவர்களின் நடமாட்டமும் சரியாக இல்லை. அத்தாவும் அம்மாவும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனதும் நிறுத்திவிடுவார்கள். பெரியம்மா தொழுது முடித்த பிறகும் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டார். மாலையில் ராத்தா மொட்டைமாடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். பேச மாட்டாள், நிற்பாள். பிறகு திரையைப் பார்ப்பாள். ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அவள் பெரியத்தாவுக்கு அனுப்பிய செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒற்றை டிக்.

“ஏன் ராத்தா ரெண்டு டிக் வரல?”

“அங்க டவர் இருக்காது. சைட்டு மாத்தி விட்டிருப்பாங்க. பாலைவனத்துல வேலைன்னா டவர் இருக்காதுல்ல.”

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பெரியவர்களின் கிசுகிசுப்புக்கு வேறு காரணம் வைத்திருந்தேன். அவர்களுக்கும் சிங்கர்களைப் பற்றித் தெரிந்துவிட்டது, நான் பயந்துவிடக் கூடாது என்று மறைக்கிறார்கள். அவர்களே பயப்படுகிறார்கள் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று நினைத்து நினைத்து எனக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா துஆ ஓதி நெற்றியில் ஊதினாள், மாத்திரையும் கொடுத்தாள்.

காய்ச்சல் விட்ட அன்று பால்காரர் வாசலில் நின்று, “கல்லணையில விட்டாச்சுங்க. சாயங்காலத்துக்குள்ள இங்க வந்துடும்” என்றார். நல்ல சேதி சொன்னதற்காக அம்மா அவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தாள்.

அன்றைக்குப் பார்த்து அண்ணன் மூன்றாவது விளையாட்டின் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டான். மத்தியானம் சாப்பிட்டதும் டிவி முன்னால் உட்கார்ந்து டிஸ்க் உறையைத் திறந்தான். உறை காலியாக இருந்தது. மாடியைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினான். ராத்தா பாதிப் படிவரை இறங்கி வந்து நின்றாள்.

“டிஸ்க் எங்க?”

“தர மாட்டேன். மத்ததெல்லாம் விளையாடிக்க. அந்தக் கட்டம் வேணாம்.”

“ஏன் வேணாம்? அதை முடிக்கத்தானே இத்தனை நாளா உக்காந்திருந்தேன்?”

“அவரைக் கொல்லக் கூடாது. அவ்வளவுதான்.”

அண்ணன் எழுந்து நின்றான். அவனுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்த காலம். கோபம் வந்தால் குரல் நடுவில் உடையும். “கம்பெனிக்காரனே அந்த புக்கெல்லாம் கணக்குல கிடையாதுன்னு சொல்லிட்டான். நீ மட்டும் உயிரோட இருக்காரு, உயிரோட இருக்காருன்னா? உங்க கேப்டன் செத்துட்டான். அதை ஒத்துக்கிட்டா என்ன கொறஞ்சுபோவ? போனவன் போனவன்தான். திரும்பி வந்தாலும் அது அவன் கிடையாது.”

ராத்தாவுக்குப் பின்னால், படியின் மேல்முனையில் பெரியம்மா நின்றிருந்ததை அவன் பார்க்கவில்லை. பெரியம்மா திரும்பி உள்ளே போய்விட்டார். அடுப்படியிலிருந்து வந்த அம்மா, அண்ணனின் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். விளையாட்டைப் பற்றிப் பேசினதற்கு எதற்கு அடி என்று அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அவன் செருப்பைக்கூடப் போடாமல் அத்தாவின் கடைக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து ராத்தா தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கொல்லைக்கதவைத் திறந்து வெளியே போனாள். துப்பட்டாவுக்குள் ஒரு கையை மடக்கி வைத்திருந்தாள். அவள் ஆற்றுப் பக்கம் திரும்பினாள். தண்ணீர் வரப்போகிற நேரத்தில் ஆற்றுக்கா? அந்த மண்டையோட்டுக்காரன் எழுதியது இப்படித்தான் நடக்குமா? அம்மாவிடம் சொல்லலாம் என்றால், சொல்லி முடிப்பதற்குள் அவள் போய்விடுவாள். பின்னாலேயே ஓடினேன்.

சந்துக்கு அப்பால் வாழைக்கொல்லை, அதைத் தாண்டினால் கரை. படித்துறையில் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான். வெயில் காலம் முழுக்கப் பையன்கள் கிரிக்கெட் ஆடிய இடம். தூரத்தில் பாலத்தின்மேல் புதுத் தண்ணீரைப் பார்க்க ஊரே கூடியிருந்தது. ராத்தா படித்துறைக்கு நேரே ஆற்றின் நடுவில், ஒரு மணல்திட்டின்மேல் மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிய டிஸ்க் இருந்தது.

“ராத்தா, தண்ணி வருது. வா, போயிடலாம்.”

“வரட்டும். அதுக்குத்தானே வந்தேன்.” அவள் நிமிரவில்லை. “இதை இங்க பொதைச்சுட்டா மேல ஆறு ஓடும். யாரும் எடுக்க முடியாது. யாரும் அவரை ஒண்ணும் பண்ண முடியாது.”

“சிங்கர் வந்து எடுத்துட்டா?”

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். மேட்டூர் திறந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். மூக்கின்மேல் மணல் ஒட்டியிருந்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

பாலத்தில் வெடி வெடித்தார்கள். விசில் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு ராத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். விளையாட்டில் தண்ணீர் தென்னை உயரச் சுவராக வரும். ஒன்றும் மோதாததால் கொஞ்சம் பொறுத்துக் கண்ணைத் திறந்தேன். மணலில் பழுப்பாக ஒரு நாக்கு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. நுரை, சருகு, டீக்கடை பிளாஸ்டிக் கப்புகள், ஒற்றைச் செருப்பு. ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. அதற்கு முன்னால் எறும்புகள் சாரைசாரையாக ஓடின. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று எனக்கு ஏறக்குறைய ஏமாற்றமாகவே இருந்தது.

ஆனால் அது சத்தமே போடாமல் வந்ததுதான் சரியில்லை என்று தோன்றியது. பாட்டு இல்லை, ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தால் எங்களுக்கும் கரைக்கும் நடுவிலும் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. ஆறு நடுவில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது தாழ்ந்த இடம் எது என்று பார்த்துப் பார்த்து முதலில் ஓரமாகப் போயிருக்கிறது. ராத்தா டிஸ்க்கை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, “என் கையை விடாத” என்றாள். கணுக்கால் ஆழம்தான். நடந்தோம். வழுக்கியபோது என் கை அவள் கையிலிருந்து நழுவியது. ஒரு அடி தள்ளிக் கால் வைத்தேன்.

அங்கே தரை இல்லை. மணல் அள்ளின குழி அது.

உள்ளே போனது எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணுக்குமுன் டீ நிறத்தில் இருட்டு. காதுக்குள் ஒரு சத்தம் கேட்டது. மெல்லிசாக, நீளமாக, யாரோ வாயை மூடிக்கொண்டு ராகம் இழுக்கிற மாதிரி. பாடுகிறார்கள் என்று நினைத்தேன். வந்துவிட்டார்கள், என் பேரைத்தான் சொல்லப்போகிறார்கள். அப்போது ஒரு கை என் தோளைப் பிடித்தது. நான் அந்தக் கையைக் கடித்தேன். அது விடவில்லை. மேலே வந்தபோது ராத்தாவின் முகம் என் முகத்துக்கு முன்னால் இருந்தது. அவளும் கழுத்துவரை குழிக்குள் இருந்தாள். விளிம்பு மணல் பிடிக்கப் பிடிக்கச் சரிந்தது. அவள் என்னைத் தூக்கி வெளியே தள்ளப் பார்த்தாள், தள்ளுகிற ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் கொஞ்சம் கீழே போனாள். வாய் தண்ணீருக்குள் போகும் முன் அவள் என்னவோ கத்தினாள். என்னவென்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

பிறகு அண்ணன் வந்துவிட்டான். வீட்டில் எங்களைக் காணாமல் கொல்லைக்கதவு வழியாகத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான், கரையிலிருந்து அவன் ஓடிவந்ததை நான் பார்க்கவில்லை. மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு முதலில் என்னை இழுத்துப் போட்டான், அப்புறம் ராத்தாவின் இரண்டு கையையும் பிடித்துப் பின்வாக்கில் ஊர்ந்து ஊர்ந்து இழுத்தான். மூன்று பேரும் படித்துறையில் விழுந்து இருமிக்கொண்டிருந்தோம். டிஸ்க் உறை நுரையோடு சுற்றிச் சுற்றி வந்து படிக்கட்டில் தட்டியது. அண்ணன் அதை எடுத்தான். தொலைந்தது, இனி அடிதடிதான் என்று நினைத்தேன். அவன் அதைச் சட்டையில் துடைத்து ராத்தாவின் மடியில் வைத்தான்.

“இந்தா, நீயே வெச்சுக்க. இனிமே கேக்க மாட்டேன்.”

ராத்தா அவனையே பார்த்தாள். அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான். “வீட்டுக்கு வா. ராஜகிரிலேருந்து ஒருத்தர் கடைக்கு வந்தாரு. லீவுல வந்திருக்காராம். ஷார்ஜாவுல பெரியத்தாவைப் பாத்தாராம். அத்தா அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க.”

“நல்லா இருக்காரா?”

அண்ணன் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். “நல்லா இருக்காரு.”

ராத்தா எழுந்து ஓடினாள். நனைந்த துணி காலைத் தடுக்கத் தடுக்க, டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, வாழைக்கொல்லை வழியாக ஓடினாள். எனக்கு இருமல் நிற்கவில்லை. அண்ணன் என்னை முதுகில் ஏற்றிக்கொண்டான். பிறந்ததிலிருந்து என்னை அவன் முதுகில் ஏற்றியதே கிடையாது. வழியெல்லாம், “குளிருதாம்மா? ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தான். அதுதான் எனக்குப் பெரிய பயமாகிவிட்டது. அதே முகம், அதே குரல். ஆனால் என் அண்ணன் இவ்வளவு நல்லவன் கிடையாது. நாவலில் ஒரு அடையாளம் சொல்லியிருந்தது, சிங்கர்களின் கை எப்போதும் ஈரமாக இருக்கும் என்று. மெல்லத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. வீடு வரும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டே அவன் முதுகில் கிடந்தேன்.

வீட்டுக் கூடத்தில் அந்த மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. “நான் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன் பாய். மனசு கேக்கல” என்று அத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய போன் பெரியம்மாவின் கையில் இருந்தது. நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். பெரியத்தாதான். கொஞ்சம் சதை போட்டிருந்தார், தாடிக்குச் சாயம் அடித்திருந்தார். ஒரு சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு சின்னப் பையன். சோபாவின் பின்னால் ஒரு பெண் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பையனுக்கு ராத்தாவின் மூக்கு. அவர் குடியிருக்கும் வீட்டுக்காரர்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சுவரில் வைஃபை பெட்டிகூடத் தெரிந்தது. அப்படியானால் டவர் வந்துவிட்டது.

எனக்கு ஒரே குதூகலம். பெரியத்தா உயிரோடு இருக்கிறார், சந்தோஷமாக இருக்கிறார். அண்ணன் கட்சி தோற்றது. நான் ராத்தாவின் கையைப் பிடித்து இழுத்து, “நீ சொன்னதுதான் கரெக்டு” என்றேன். அவள் பெரியம்மாவிடமிருந்து போனை வாங்கினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். முதலில் பையனைப் பார்த்தாள், அப்புறம் தோளில் இருந்த அந்தக் கையைப் பார்த்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கியது. போனை வந்தவரிடம் திருப்பிக் கொடுத்து, “ரொம்ப தேங்க்ஸ் மாமா” என்றாள். துணி மாற்ற மாடிக்குப் போனாள்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்த பிறகு பெரியவர்கள் எல்லாரும் பெரியம்மாவோடு மாடி அறையில் இருந்தார்கள். கீழே நாங்கள் மூன்று பேர். ராத்தா டிவியைப் போட்டு, டிஸ்க்கைப் பெட்டிக்குள் தள்ளினாள்.

அண்ணன் பதறிவிட்டான். “ஏய், வேணாம். நான்தான் கேக்க மாட்டேன்னேனே.”

“நான் கேக்கறேன். உக்காரு.”

“வேணாம், விடு. யோசிச்சுப் பாத்தேன், புக்குல சொன்னதுதான் பொருந்தி வருது. வந்தது அவரு இல்ல. அது வேற என்னமோ.”

“அவருதான்” என்றாள் ராத்தா. “புக்குல இருக்கறதெல்லாம் பொய்.”

“பொய் இல்ல. நீதானே பக்கம் பக்கமா எழுதின? தீவுல இருக்காரு, வழி தெரியல, சேதி அனுப்ப முடியல…”

“வழியெல்லாம் இருந்துச்சு. அந்த புக்கைக் குடுத்தவருக்கே தெரியும், அது பொய்னு.”

அண்ணன் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எனக்குத் தலை சுற்றியது. இத்தனை நாள் ஊர் கேட்கச் சண்டை போட்டவர்கள் கட்சி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள், எப்போது மாறினார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

திரையில் இருண்ட கடல் தெரிந்தது. ராத்தா அந்தக் கட்டத்தை விளையாடியதே இல்லை. ஆனால் கட்டைவிரல்கள் தயங்கவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து முதலில் விளக்கு வந்தது, பிறகு தொப்பி, பிறகு முகம். கேப்டன் கரையில் நின்று இங்கிலீஷில் பேசினார். அன்பாகத்தான் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் ஓடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பொத்தினாலும் அந்தக் குரல் கேட்டது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். ராத்தா அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். ஒரு வார்த்தையையும் வெட்டவில்லை. அதன்பிறகுதான் பொத்தானை அழுத்தினாள். அவர் விழுந்தார், எழுந்தார். மறுபடி அழுத்தினாள். அவள் முகத்தில் டிவியின் நீல வெளிச்சம் விட்டு விட்டு அடித்தது. அத்தனை மாதம் பயந்த எந்தச் சிங்கரையும்விட அந்த நேரத்தில் அவளைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. அண்ணன் மெல்லக் கையை நீட்டி அவள் கையிலிருந்து கன்ட்ரோலரை எடுத்துக் கீழே வைத்தான். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் குடித்தாள்.

அந்தக் குழுவில் இன்றும் சண்டை ஓயவில்லை. கம்பெனி அந்த நாவல்களை மறுபடி கணக்கில் சேர்த்துக்கொண்டதாகவும், அதைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு கூட்டம் கொதித்துக்கொண்டிருப்பதாகவும் அண்ணன் எப்போதாவது சொல்லுவான். ராத்தா இருக்கும்போது சொல்ல மாட்டான்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். காணாமல் போனவர் உயிரோடு இருக்கிறார் என்று சேதி வந்திருக்கிறது, வீட்டில் ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. நல்ல சேதி வந்தால் அசோகா அல்வா வாங்கி வருகிற அத்தா இனிப்புக்கடைப் பக்கம்கூடப் போகவில்லை. மாடியில் பெரியம்மா அழும் சத்தம் கேட்டது. யோசித்துப் பார்த்தேன், ஒரே காரணம்தான் இருந்தது. நான் ஆற்றில் விழுந்து எல்லாரையும் பயமுறுத்திவிட்டேன், அதனால்தான் எல்லாம் கெட்டுப்போயிற்று. கதவுக்குப் பின்னாலிருந்து வந்து ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் கடித்த இடம் அவள் மணிக்கட்டில் சிவந்து தடித்திருந்தது.

“இனிமே ஆத்துக்கே போக மாட்டேன் ராத்தா. சத்தியமா. நீ அழாத.”

“நான் அழலையே” என்றாள். பிறகு, “சரி, போகாத” என்று சொல்லி என் ஈரத் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். விஷயம் அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்து நான் தூங்கிப்போனேன்.